மனச்சோர்வு: ஆலோசனை மட்டும் போதாத கட்டத்தை அறிவது எப்படி?

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று நமக்குத் தேவையான விஷயங்கள் வரும் இந்தப் பக்கங்களில் ஒரு நோயைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். சர்க்கரை வியாதியைப் பற்றியும் ரத்தக் கொதிப்பைப் பற்றியும் கல்லாவில் உட்கார்ந்தபடியே நாம் பேசிக்கொள்கிறோம். மனச்சோர்வைப் பற்றி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டும் பேசுவதில்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய் வருகிறது என்றும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் அதில் தெரிந்தது. நம் மேற்கு ரத வீதியில் ஒரு நடை நடந்து கடைகளை எண்ணிப் பார்த்தால் கணக்குப் புரியும்.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. படித்த பிள்ளைகள் தகப்பனாரை மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகிறார்கள். வாரம் ஒரு முறை உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது உண்மையிலேயே ஒரு சிகிச்சைதான். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு முறையான பேச்சு சிகிச்சை மாத்திரைக்கு நிகராகப் பலன் தரும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அதற்குமேல் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை எங்கள் குடும்பம் எப்படித் தவறவிட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை கணவர் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். விடியற்காலை லாரி வந்தால் மூட்டை எண்ண முதல் ஆளாக நிற்பவர் மெல்ல மெல்லக் கடைக்கு வருவதைக் குறைத்தார். தூக்கம் போயிற்று. பையன் அவரை ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போனான். முதல் மாதம் சற்றுத் தெளிந்தார். காலையில் நடக்கப் போனார். ஏற்கெனவே கொஞ்சம் தேறியவர் என்பதால், பிறகு மூன்று மாதம் இருந்த இடத்திலேயே நின்றதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. வாரம் தவறாமல் போய் வந்ததையே சிகிச்சை என்று நினைத்துவிட்டோம். இடுப்பு வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்துப்போயிருந்தார்.

ஒருநாள் இரவு எனக்குப் போன் செய்தார். "மச்சான், எல்லாம் போச்சு. நாளைக்கு ஜப்திக்கு வந்துருவாங்க. பிள்ளைக தெருவுல நிக்கும்" என்றார். நான் பதறிப் போய்ப் பேரேட்டைப் புரட்டினேன். வர வேண்டிய பாக்கி 38 லட்சம், கொடுக்க வேண்டியது 11 லட்சம், அதுபோகக் கிடங்கில் சரக்கு. ஒரு குறையும் இல்லை. இரண்டு இரவு உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் காட்டினேன். "இது பொய்க் கணக்கு மச்சான், உங்களுக்குத் தெரியாது" என்பதுதான் பதில். நாற்பது வருடம் கணக்குப் பார்த்தவன் நான். கணக்கைக் காட்டினால் தெளிவார் என்று நம்பியது என் மடமை.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. கடுமையான மனச்சோர்வில் சிலருக்குப் பிரமையும் சேர்ந்துகொள்ளும். பக்திமானுக்கு மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டதாகத் தோன்றும். சிலருக்குக் குடல் அழுகிவிட்டது என்று தோன்றும். வியாபாரிக்குத் திவாலாகிவிட்டதாகத் தோன்றும். நிஜமாகவே கடன்பட்டவரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் தவணை கேட்பார், கணக்குப் போடுவார், ஒரு வழி காட்டினால் முகம் கொஞ்சமாவது மலரும். பிரமை பிடித்தவரிடம் ஆதாரம் எதுவும் செல்லாது. பேரேடு ஒன்று சொல்ல, மனிதர் வேறொன்றைச் சாதித்தால் அது ஆலோசனையால் தீராத கட்டம். அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். (நிஜக் கடனாளிக்கு ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அவருக்கும் மனச்சோர்வு வரும். அவரையும் கவனிக்கத்தான் வேண்டும்.)

அடுத்து நடந்ததுதான் நாங்கள் முற்றிலும் ஏமாந்த இடம். திடீரென்று அமைதியானார். சுமை தூக்கும் ஆட்களின் சில்லறை பாக்கியையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தீர்த்தார். பீரோ சாவியை மகனிடம் கொடுத்து, எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டில் எல்லோரும் "தெளிஞ்சுட்டார்" என்று சந்தோஷப்பட்டோம். சாக முடிவெடுத்துவிட்ட சிலரிடம் இப்படி ஓர் அமைதி வரும் என்று பின்னால்தான் தெரிந்தது. கணக்கு முடிப்பது, பொருள்களைக் கொடுத்துவிடுவது, ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்லிக்கொள்வது ஆகியவை மனச்சோர்வு உள்ளவரிடம் தென்பட்டால் அவரைத் தனியே விடவே கூடாது.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்ற பயம் தவறானது. கேட்டதும் மனது இறங்கி, உள்ளதைச் சொல்லிவிடுபவர்கள் பலர். கூடவே வீட்டிலும் கடையிலும் உள்ள பூச்சி மருந்து, எலி மருந்து, தேவைக்கு மிஞ்சிய மாத்திரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். இதில் நமக்குப் பொறுப்பு அதிகம், ஏனென்றால் விற்பவர்களே நாம்தான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழக அரசு தடை விதித்த பிறகும் பழைய சரக்கைக் கல்லாவுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை ஒழிக்கவும்.

என் தங்கை மறுநாள் காலையில், "அண்ணே, நேத்துலருந்து தண்ணிகூடக் குடிக்கலை" என்றாள். ஆலோசகருக்குப் போன் செய்தோம். அந்தப் பிள்ளைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். "இது என் கைக்கு மீறினது ஐயா. இன்னைக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டார். தன் எல்லை அறிந்த ஆலோசகரே நல்ல ஆலோசகர். ஆலோசகர் என்பவர் மருத்துவர் அல்ல. மருந்து எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. எம்.டி. அல்லது டி.பி.எம். மனநலப் பட்டம் பெற்ற டாக்டர்தான் மனநல மருத்துவர்.

அன்று மாலையே மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். 26 நாள் உள்நோயாளியாக இருந்தார்.

எங்கள் வீட்டில் கண்டவை போக, அவசரம் என்று கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. காதில் குரல் கேட்கிறது என்பது. பேச்சும் அசைவும் நின்று கல்லாய் உட்கார்ந்திருப்பது. குழந்தை பெற்ற சில நாட்களில் மருமகளோ மகளோ தூக்கமின்றி, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது (இதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது). மனச்சோர்வோடு குடியும் ஏறிக்கொண்டே போவது. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பேசி, கண்டபடி சரக்கு வாங்கிக் குவித்த காலம் உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. சாதாரண மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எதிர்ப்பக்கம் கிளம்பிவிடும்.

அவசரம் இல்லாதவருக்கு அளவுகோல் காலம்தான். ஒழுங்காக ஆலோசனைக்குப் போய் ஆறு முதல் எட்டு வாரத்தில் தூக்கம், பசி, வேலை இவற்றில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். முதலில் தைராய்டு, ரத்தசோகை முதலியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும். மாத்திரை போட்ட மறுநாளே பலன் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், முழுப்பலனுக்கு இன்னும் கூடுதலாகும். மூன்றாம் நாளே "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்துகிறவர்கள்தான் நம்மில் அதிகம். முதல் மாத்திரையில் முழுதாகக் குணமாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் என்பதால், டாக்டர் அளவைக் கூட்டினாலும் மருந்தை மாற்றினாலும் அவர் தடுமாறுகிறார் என்று நினைக்க வேண்டாம். இந்த மாத்திரைகளுக்குச் சாராயம்போல ஏங்கும் பழக்கம் ஏற்படுவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். ஆரம்ப வாரங்களில், முக்கியமாக இளவயதினரை, கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

இனி எல்லோரும் பயப்படும் மின் சிகிச்சை. என் மைத்துனருக்கு அதுதான் கொடுத்தார்கள். டாக்டர் அந்தப் பேச்சை எடுத்ததும் என் தங்கை மயங்கி விழாத குறை. சினிமாவில் நாலு பேர் கட்டிலோடு அமுக்கிப் பிடிக்க, நோயாளி துள்ளித் துடிப்பதைத்தானே நாம் பார்த்திருக்கிறோம்! 1938இல் ரோம் நகரத்தில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் செய்தபோது மயக்க மருந்து கிடையாது. இப்போது வெறும் வயிற்றில் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். அவை இல்லாமல் செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை போட்டிருக்கிறது. மின்சாரம் பாய்வது சில விநாடிகள். அரை மணி, ஒரு மணியில் எழுந்து காபி குடிக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று என்று ஆறு முதல் பன்னிரண்டு தடவை செய்வது வழக்கம். பிரமையோடு கூடிய மனச்சோர்வுக்கும், அன்னம் தண்ணீர் மறுப்பவருக்கும் இதைப்போல விரைவாகக் கேட்கும் வைத்தியம் வேறு அரிது.

குறை இல்லாமல் இல்லை. ஞாபகம் கொஞ்சம் அடிபடும். பெரும்பாலும் திரும்பிவிடும், சிகிச்சையை ஒட்டிய நாட்களின் நினைவு சிலருக்குத் திரும்பாமலே போகலாம். பேத்தியின் காதுகுத்து அந்த மாதத்துக்குச் சற்று முன்புதான் நடந்தது. மடியில் வைத்துக் காது குத்தியதே தாத்தாதான். போட்டோவைக் காட்டினாலும் அவருக்கு இன்றுவரை நினைவில்லை. அதில் அவருக்கு வருத்தம் உண்டு. ஆனால் நான்காவது தடவை முடிந்த மறுநாள், "மச்சான், தெரு முனைக் கடைக்காரர் பாக்கி வந்துருச்சா?" என்று கேட்டாரே, அப்போது நாங்கள் அடைந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. மின் சிகிச்சை முடிந்ததோடு மருந்தை விட்டால் நோய் திரும்பும். அவர் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். அரை நாள் கடையில் இருக்கிறார்.

கோயில், தர்கா, மாதா கோயில் என்று போவதை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள்தான். வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் போவதுதான் தவறு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. இன்று எவரையும் சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம்.

அதே சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. ஆகவே "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று மறைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மருத்துவக் காப்பீட்டிலும் உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. பாலிசி எடுத்திருப்பவர்கள் ஏஜெண்டிடம் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளவும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது; அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் போகலாம். படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை என்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை நமக்கு அருகில் உள்ளது. இரவு நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

போகும்போது ஒரு சிட்டை எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எத்தனை இட்லி சாப்பிடுகிறார், எடை எவ்வளவு குறைந்தது, என்னென்ன மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து, என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். எங்களிடம் அந்த மதுரை டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். கடையின் நாலு வருடக் கணக்கைக் கையில் வைத்திருந்த எங்களிடம் அவருடைய நாலு மாதக் கணக்கு இல்லை.