ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜும் உறைந்த தாய்ப்பாலும்

பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை 25 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமும், 4 டிகிரி குளிருள்ள ஃபிரிட்ஜில் 4 நாளும், மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் 6 மாதமும் வைத்திருந்து கொடுக்கலாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்த அளவு. அந்த அளவில் பிழையில்லை; ஆனால் அது வெப்பம் குறைந்த அறையும் இடையறாத மின்சாரமும் உள்ள வீட்டுக்கு உரியது. விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையிலுள்ள மங்கலம்பேட்டையில் சித்திரை, வைகாசி மாதங்களில் வீட்டுக்குள் 25 டிகிரியை எதிர்பார்க்க முடியாது என்பதால், எடுத்த பாலை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதற்கு அங்கே இடமேயில்லை. எடுத்த கையோடு அது ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

அந்த ஃபிரிட்ஜ் எத்தகையது என்பதே அடுத்த கேள்வி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் உறைபெட்டி தனிக் கதவுடைய அறையாக இல்லாமல் உட்புறத்தின் மேல்தட்டிலேயே அமைந்திருப்பதால், காய்கறிக்காகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உறைபெட்டியின் குளிரும் குறைகிறது. இத்தகைய பெட்டியில் வைத்த பாலை இரண்டு வாரத்துக்குள் கொடுத்து முடிப்பதே நல்லது. குளிர்நிலைக் குமிழின் நடுவே பனியை உருக்குவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. படிந்த பனியைப் போக்க வீட்டில் யாரேனும் அதை அழுத்தினால், பனியோடு சேர்த்துச் சேமித்த பாலும் உருகிவிடும். தாய்ப்பால் வைத்திருக்கும் நாட்களில் அந்தப் பொத்தானை யாரும் தொடக்கூடாது என்று வீட்டார் அனைவரிடமும் சொல்லிவைப்பது, விலையுயர்ந்த பால் பைகள் வாங்குவதைவிடப் பயன் தரும்.

உறையவைக்கும் முறை எளியது. கையையும் பம்பின் பாகங்களையும் கழுவியபின் எடுத்த பாலை, ஒரு வேளைக்குப் போதுமான 60 முதல் 120 மில்லி வரையிலான அளவுகளாகப் பிரித்து, உறையும்போது பால் விரிவடையும் என்பதால் மேலே சிறிது இடம்விட்டு, இறுக மூடும் கண்ணாடி அல்லது உணவுத் தரமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, தேதி எழுதி ஒட்ட வேண்டும். மளிகைக்கடைப் பாலித்தீன் உறையும், அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் பொறித்த டப்பாவும் இதற்கு ஆகா. புதிதாக எடுத்த பாலின் சூடு உறைந்த பாலை இளக்கிவிடும் என்பதால், அதை ஆறவைத்துக் குளிர்வித்த பிறகே பழைய பாலோடு சேர்க்கலாம். நான்கு நாளுக்குள் குழந்தை குடித்துவிடக்கூடிய பாலை உறையவைக்கத் தேவையே இல்லை. ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்தட்டின் பின்பக்கத்தில் வைத்தாலே போதும்.

மங்கலம்பேட்டை அடங்கிய கடலூர் மாவட்டத்துக்கு மின்தடை புதிதன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. நிறைந்த தனி ஃபிரீசர் திறக்கப்படாமல் இருந்தால் 48 மணி நேரம் குளிரைக் காக்கும் என்ற கணக்கை ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறிய உறைபெட்டிக்குப் பொருத்தக்கூடாது. வெளியூர் போகும் வீட்டார் ஒரு கிண்ணத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துச் செல்லலாம். திரும்பி வரும்போது காசு பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள், அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டும். பாலில் இன்னும் பனித்துகள் இருக்கும்போதே மின்சாரம் வந்துவிட்டால் மட்டும் அதைத் திரும்ப உறையவிடலாம்.

உருக்குவதற்குச் சிறந்த வழி, முதல்நாள் இரவே டப்பாவை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவைப்பது; அவசரமென்றால் வெதுவெதுப்பான நீர் நிறைந்த கிண்ணத்தில் வைக்கலாம். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சுவது நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சிதைக்கும். மைக்ரோவேவ் பாலை ஒரே சீராகச் சூடாக்காததால் குழந்தையின் வாய் வெந்துவிடவும் கூடும். உறைந்து உருகிய பாலில் கிருமிகளைத் தடுக்கும் இயல்பு குறைந்திருப்பதால், முழுதும் உருகியது முதல் ஃபிரிட்ஜில் 24 மணி நேரம், வெளியில் ஒன்றிரண்டு மணி நேரம் என்பதே எல்லை. மீண்டும் உறையவைக்கவும் கூடாது. கொழுப்பு மேலே திரண்டிருப்பது கெட்டதன் அறிகுறியன்று, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். லேசான சோப்பு வாடையும் பெரும்பாலும் லைபேஸ் எனப்படும், கொழுப்பைப் பிரிக்கும் நொதியால் வருவதே. புட்டியைவிடக் கழுவுவதற்கு எளிதான பாலாடையில் புகட்டுவது பாதுகாப்பானது; வாய்வைத்த பாலில் மீந்ததை 2 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது. குறைமாதத்தில் பிறந்த அல்லது நோயுற்ற குழந்தைக்கு இந்த அளவுகள் பொருந்தா; மருத்துவமனை சொல்வதே விதி.

பாலைச் சேமிக்கும் தேவை பெரும்பாலும் வேலையிடத்திலிருந்தே பிறக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் 2017-இல் வந்த அதன் திருத்தமும் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பையும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும், 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகத்தையும் உறுதி செய்தன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை உள்ளன. இந்த இடைவேளையில் பால் எடுக்க முயலும் பெண்ணுக்குக் கழிப்பறையைக் காட்டுவது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. உரிமை மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறையின் ஆய்வு அலுவலரிடம் எழுத்தில் புகார் தரலாம். வயல் வேலைக்குச் செல்லும் பெண்ணை இந்தச் சட்டம் எட்டுவதில்லை என்பது பெருங்குறை; முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி அவளுக்கு இடைவேளையைத் தந்துவிடாது.

பால் போதாத நிலையில் விலைக்கு வாங்கத் தூண்டும் விளம்பரங்களையும் நம்பக்கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்குச் சட்டத்தில் அனுமதி இல்லை என்று 2024 மே மாதம் அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே சென்னை மாதவரத்தில் அவ்வாறு விற்ற கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தனர். கொடுத்தவரின் உடல்நிலையும் சேமித்த முறையும் தெரியாத பால், எவ்வளவு குளிரில் வைத்திருந்தாலும் ஆபத்தே. அரசு மருத்துவமனைகளிலுள்ள தாய்ப்பால் வங்கிகளோ, கொடையாளரின் இரத்தத்தைப் பரிசோதித்து, இலவசமாகப் பெற்ற பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பின்னரே தேவைப்படும் பச்சிளங்குழந்தைகளுக்கு வழங்குகின்றன. விற்பனை கண்ணில் பட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யலாம்.