ஆதார் எண்ணின் கடைசி இலக்கம்

- நமது நாடாளுமன்ற நிருபர் -

புது தில்லி: ரேஷன் கடையிலும் வங்கிப் படிவத்திலும் எழுதித் தரும் 12 இலக்க ஆதார் எண்ணில், முதல் 11 இலக்கங்களே உண்மையான எண். கடைசி இலக்கம் அவற்றுக்குக் காவல்.

மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம், டெம்பிலி கிராமத்தில் 2010 செப்டம்பர் 29-ம் தேதி முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2016 மார்ச்சில் மசோதா வந்தபோது, அது பண மசோதாவா, இல்லையா என்பதே பெரும் சர்ச்சையானது. மாநிலங்களவை பரிந்துரைத்த திருத்தங்களை மக்களவை நிராகரித்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் பெரும்பான்மைத் தீர்ப்பில், சில பிரிவுகள் நீங்கலாக, சட்டம் செல்லும் என்றது.

அச்சட்டத்தின் 4-வது பிரிவு எண்ணின் இயல்பையே வரையறுக்கிறது. எண் குறிப்பின்றித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். உரியவரின் அடையாளத்தோடு எவ்விதத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஆகவே எண்ணைப் பார்த்து ஊரையோ, வயதையோ, சாதியையோ அறிய இயலாது.

ஆதார் எண் 0, 1 ஆகியவற்றில் தொடங்குவதில்லை. எஞ்சிய எட்டு இலக்கங்களில் தொடங்கி 8,000 கோடி எண்கள் அமையும். மக்கள்தொகையை 140 கோடி எனக் கொண்டால், இது ஏறத்தாழ 57 மடங்கு. மனம்போன போக்கில் எழுதும் எண் யாருடையதாகவும் இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம்.

கடைசி இலக்கம் கணக்கிடப்படும் முறையை 1969-ல் வகுத்தவர் டச்சுக் கணித அறிஞர் வெர்ஹுஃப். இலக்கங்களை வெறுமனே கூட்டினால் 37-க்கும் 73-க்கும் விடை 10 தான். இடம் மாறிய பிழை தெரியாது. அவர் ஐங்கோணத்தை நாடினார். ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் பத்து நிலைகளில் வைக்கலாம். பத்து இலக்கங்களுக்குப் பத்து நிலைகள். சுழற்றிய பின் புரட்டுவதும், புரட்டிய பின் சுழற்றுவதும் ஒன்றல்ல. வரிசை மாறினால் விடையும் மாறும். இதனுடன் ஒவ்வோர் இடத்துக்கும் தனி மாற்றுவிதியையும் சேர்த்ததால், ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிழை தவறாமல் சிக்கும்.

ஆயினும் இக்காவலுக்கு எல்லை உண்டு. எண்ணின் அமைப்பு சரியா என்று மட்டுமே அது சொல்லும். யாருடைய எண் என்று சொல்லாது. இருவரின் எண்களை ஒருவர் கணக்கில் மற்றொருவருடையதாக மாற்றி இணைத்துவிட்டால், கணிதத்தின் கண்ணுக்கு இரண்டும் சரியானவையே. மானியம் வராமல் அலுவலகத்துக்கு அலையும் முதியவரின் குறையை ஐங்கோணம் அறியாது. அதை அறிய வேண்டியவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அதிகாரியே.