கல்லைக் கண்டா குனிஞ்சிடுவார்: திருவள்ளூரில் ஒரு 'கிறுக்கு' சரித்திரமான கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்டர்வியூ போகும் பையனிடம், 'உனக்கு என்னப்பா பிடிக்கும்?' என்று கேட்டால் கிரிக்கெட், பாட்டு என்று சொல்லிவிட்டு வருவான். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் திருப்பித் திருப்பிக் கீறல் தேடும் பழக்கம் தனக்கு இருப்பதைச் சொல்லவே மாட்டான். வீட்டில் அதற்குப் பெயர் கிறுக்கு!

அதே திருவள்ளூர் மாவட்டத்தில், 160 வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு கிறுக்கு பிடித்த அதிகாரி சுற்றிக்கொண்டிருந்தார்.

யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபுட்?

1834ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்ப் பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதுதான் வேலை. 'ஆதி மனிதனைத் தேடு' என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

பிரான்ஸின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கல் ஆயுதங்கள் மிகப் பழமையான மனிதர்கள் செய்தவைதான் என்பதை 1859ல் ஆங்கிலேய அறிஞர்கள் உறுதி செய்தார்கள். அந்த விஷயம் ஃபுட் மனசில் ஒட்டிக்கொண்டது. இங்கேயும் ஏன் இருக்கக் கூடாது? 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் முதல் கல் ஆயுதம் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், சக அதிகாரி வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் வந்தபோது, பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் ஏராளமாகக் கிடைத்தன.

மத்தவங்க கண்ணுக்கு அது வெறும் கல்தானே, இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஆறு உருட்டிய கூழாங்கல் எல்லாப் பக்கமும் வழவழப்பாக இருக்கும். மனிதன் செதுக்கிய கைக்கோடரியில் இரண்டு பக்கமும் சில்லுகள் பெயர்ந்த தடம் வரிசையாகத் தெரியும், ஓரம் கூராக இருக்கும். ஆயிரக்கணக்கான கற்களைச் சலிக்காமல் பார்த்த கண்ணுக்குத்தான் அது சட்டென்று பிடிபடும்.

(இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரும் லேசுப்பட்டவர் இல்லை. தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் புத்தகமாகப் போட்டவர். மாமனாருக்குப் பழமொழி, மருமகனுக்குக் கல்!)

சம்பளம் எங்கிருந்து வந்தது?

இதைத்தான் பல பேர் கவனிப்பதில்லை. 'பிடிச்சதைச் செய், காசு தானா வரும்' என்று மேடையில் பேசுவது சுலபம். ஃபுட் வேலையை விட்டுவிட்டுக் கல் பொறுக்கப் போகவில்லை. 1891ல் ஓய்வு பெறும் வரை, 33 வருஷம் அரசு சம்பளம் வாங்கினார். அந்த வேலையே அவரைத் தினமும் ஆற்றங்கரைக்கும் சரளை மேட்டுக்கும் அனுப்பியது. கச்சேரியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலையாக இருந்திருந்தால், அவர் கிறுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகவே முடிந்திருக்கலாம். அதனால் 'எனக்கு என்ன பிடிக்கும்?' என்பதோடு, 'நான் எப்படியும் உத்துப் பார்க்கிற விஷயத்துக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் விடுகிற வேலை எது?' என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

கீறல் தேடும் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் டயர் ஆலை இருக்கிறது. பொதுவாக டயர் தயாரிப்பில் எத்தனை மெஷின் வந்தாலும், கடைசியில் டயரைச் சுழற்றிக் கண்ணாலும் கையாலும் சோதிக்கும் ஒரு கட்டம் உண்டு. வார்ப்படப் பட்டறையிலும் விரிசல் பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் திட்டு வாங்கித் தந்த அந்தப் பழக்கம் அங்கே தகுதி. இன்டர்வியூவில் தாராளமாகச் சொல்லலாம்.

ஃபுட் சேர்த்த கற்களை 1904ல் மெட்ராஸ் அருங்காட்சியகம் வாங்கியது. அத்திரம்பாக்கத்தில் 1999ல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் மறுபடி தோண்டத் தொடங்கினார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011ல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள்.

பூண்டி பக்கம் போனால் அங்கிருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இந்தக் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். ஆற்றங்கரையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் எடுத்து வந்துடாதீங்க. எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் போனால், அதன் வயதைக் கண்டுபிடிப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய சிக்கல்.