வேடிக்கைப் பேச்சும் இனவாதமும்



மேடையில் ஓர் அரசியல்வாதி, பிழைப்புக்காகக் குடியேறியவர்களை வைத்து ஒரு நகைச்சுவை சொல்கிறார். எதிர்ப்பு வந்ததும் 'வேடிக்கைக்குச் சொன்னேன், யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை' என்கிறார். அதன்பின் விவாதம் முழுக்க அவருடைய மனதைப் பற்றியதாகிவிடுகிறது. அவர் நல்லவரா, கெட்டவரா? இந்த வழியில் போனால் அது இனவாதமா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம்.

2004 பிப்ரவரி 5 இரவு, இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களைக் கடல் ஏற்றம் சூழ்ந்தது. குறைந்தது 21 பேர் இறந்தனர். உரிய ஆவணங்கள் இல்லாமல் வந்தவர்கள். அந்த இருட்டில் அவர்களை மணல்வெளிக்கு அனுப்பியவர் ஒரு கங்காணி. (இலங்கைத் தோட்டங்களுக்கு நம் சேரிகளிலிருந்து போனவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.) பிணங்கள் கரை சேர்ந்த அதே மாதத்தில், கன்சர்வேடிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆன் விண்டர்டன் ஒரு விருந்தில் நகைச்சுவை சொன்னார். இரண்டு சுறாக்கள் பேசிக்கொள்கின்றன. சூரை மீன் தின்று அலுத்துவிட்டது, மோர்கம் பக்கம் போய் சைனீஸ் சாப்பிடலாம் என்கிறது ஒன்று.

பிரிட்டனில் 'சைனீஸ் சாப்பிடலாம்' என்றால் சீன உணவகத்துச் சாப்பாடு என்று பொருள். நகைச்சுவையின் முழு வேலையும் இந்த இரட்டைப் பொருளில்தான் நடக்கிறது. சீனர் என்றதும் ஆள் நினைவுக்கு வராமல், அவர் சமைத்துக் கட்டித்தரும் பொட்டலம் நினைவுக்கு வரும் ஒரு சமூகத்தில்தான் இதற்குச் சிரிப்பு வரும். அந்த வரிசையை விண்டர்டன் உண்டாக்கவில்லை. கேட்பவர் மனதில் அது ஏற்கெனவே இருக்கிறது என்று நம்பிப் பேசினார். அதே கடலில் 21 ஆங்கிலேயப் பிள்ளைகள் செத்திருந்தால் அந்த மேசையில் சுறாக்கதை எழுந்திருக்காது.

கட்சித் தலைவர் மைக்கேல் ஹோவர்ட் அவரைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கினார். (ஹோவர்டின் தந்தையே ருமேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்.) மன்னிப்புக் கேட்ட பின் சில வாரங்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வாய் தவறிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை; 2002 இலேயே பாகிஸ்தானியரைப் பற்றிய நகைச்சுவைக்காக நிழல் அமைச்சர் பொறுப்பை இழந்தவர் அவர்.

இப்போது நோக்கம் பற்றிய வாதத்துக்கு வருவோம். 1965 இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு ஆகியவற்றின் அடிப்படையில் ஒருவரின் சம உரிமையைக் குலைக்கும் 'நோக்கமோ விளைவோ' கொண்ட பாகுபாட்டைக் குறிப்பிடுகிறது. விளைவு மட்டும் இருந்தாலே போதும். அதில் 'வம்சாவளி' என்ற சொல் நமக்குப் பழக்கமானது. 2001 இல் டர்பன் மாநாட்டில் சாதியையும் பேசுங்கள் என்று தலித் அமைப்புகள் கேட்டபோது இந்திய அரசு மறுத்து நின்றது. மறு ஆண்டே உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது.

நோக்கத்தைக் கேட்க வேண்டிய இடமும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r) பிரிவு, பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதித்ததைத்தான் குற்றமாக்குகிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் நோக்கத்தைக் கேட்பது நியாயம். ஆனால் ஒரு பேச்சை இனவாதம் என்று அடையாளம் காண்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. இரண்டையும் குழப்புவது பேசியவருக்குத்தான் வசதி.

வெறுப்பே இல்லாமலும் இது நடக்கும். 2004 ஜனவரியில் ஹிலாரி கிளிண்டன், காந்தி செயின்ட் லூயிஸ் நகரில் பெட்ரோல் நிலையம் நடத்தியவர் என்று கேலியாகச் சொன்னார். பிறகு வருத்தம் தெரிவித்தார். 2006 இல் ஜோ பைடன், இந்திய உச்சரிப்பு இல்லாமல் செவன் இலெவன் கடைக்குள் போக முடியாது என்றார். இருவரும் இந்தியர்களைப் பாராட்டும் தொனியில்தான் பேசினார்கள். அப்போதும் இந்தியர் கல்லாவுக்குப் பின்னாலேயே நிற்கிறார். விண்டர்டனோடு இவர்களை ஒரே தட்டில் வைக்க மாட்டோம். இறந்தவர்களைக் கேலி செய்வது வேறு அளவு. ஆனால் ஓர் ஆளைச் சுருக்கி அவர் செய்யும் வேலைக்குள் அடைப்பது இரண்டிலும் ஒன்றே.

அப்படியானால் குடியேறியவர்களைப் பற்றிச் சிரிக்கவே கூடாதா? 1998 இல் பிபிசி தொலைக்காட்சிக்கு வந்த 'குட்னஸ் கிரேசியஸ் மீ' நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் ஆசியக் கலைஞர்கள் ஒரு காட்சி நடித்தார்கள். இந்திய நண்பர்கள் குடித்துவிட்டு 'இங்கிலீஷ் சாப்பிட' ஓர் உணவகத்துக்குப் போகிறார்கள். வெள்ளைக்காரப் பரிமாறுபவரின் பெயரைத் தப்பாக உச்சரித்து, இருப்பதிலேயே காரமில்லாததாகக் கேட்டு அலட்டுகிறார்கள். இந்திய உணவகங்களில் வெள்ளையர் செய்யும் அட்டகாசம் அப்படியே தலைகீழாகிறது. உணவும் உச்சரிப்பும் இதிலும் கேலிப்பொருள்தான். ஆனால் பரிமாறிப் பழகியவர்கள், வழக்கமாக மேசையில் உட்காருபவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கடைசியாக நம் ஊர். 2022 மே மாதம் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்பவர்களுக்குப் பதிலாக, கோவையில் பானிபூரி விற்பது யார் என்று கேட்டார். இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் நாம் அவர் பக்கம். ஆனால் அந்தத் தள்ளுவண்டிக்காரர் யார் மீதும் இந்தியைத் திணிக்கவில்லை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களில் நம்மைப் போன்ற தலித்துகளும் பழங்குடியினரும் இருக்கிறார்கள். மொழிக்கொள்கை டெல்லியில் எழுதப்படுகிறது. சிரிப்பு வண்டிக்காரர் தலையில் விழுகிறது. 'வடக்கன்' நகைச்சுவைகளை நம் கைபேசிகளிலும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நம் கூட்டங்களுக்கு வருபவர்கள் உட்பட.