திண்டிவனத்து மழையும் வடதுருவப் பனியும்!

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. மழை எப்போது வரும், எவ்வளவு பெய்யும்? இந்தக் கேள்விக்கான விடையை இந்திய விஞ்ஞானிகள் வடதுருவப் பகுதியிலும் தேடுகிறார்கள்.

நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில், வடதுருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம். 2008 ஜூலையில் திறக்கப்பட்ட இதை, கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. சூரியனே உதிக்காத குளிர்காலத்திலும் தங்கி ஆராய, 2023 டிசம்பரில் முதல் குழு கிளம்பியது.

இதில் சென்னைக்கும் பங்குண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கிய ‘இண்டார்க்’ கருவித்தொகுப்பு, 2014 ஜூலையில் ஹிமாத்ரிக்கு அருகே 192 மீட்டர் ஆழக் கடலில் நிறுத்தப்பட்டது. நீரின் வெப்பம், உப்புத்தன்மை போன்றவற்றை அது பதிவு செய்தது.

எதற்கு இத்தனை மெனக்கெடல்? பனி, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். அது உருகினால் கடல் அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றின் போக்கும் மாறும். வடக்கே காரா கடலில் கோடையில் பனி குறைவதற்கும், இந்தியாவில் செப்டம்பரில் பெய்யும் பேய்மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவா விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஃபெஞ்சலுக்கு வடதுருவம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அது வங்கக்கடலில் உருவான புயல். ஆனால், ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக மல்லாட்டை விதைப்பவர் நம்பியிருப்பது தென்மேற்குப் பருவமழையை. அதன் கணிப்பு துல்லியமானால், அவர் போட்ட விதையும் செலவழித்த பணமும் வீணாகாது.