பதிவுக் கொப்பிக்கு ஒரு துணை

இரவு வேலை முடிந்து நாங்கள் கண்ணயரும் நேரத்தில்தான் தொலைபேசி அடிக்கும். "அண்ணை, பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்க்க வேணும்." அரை நித்திரையில் கொப்பியில் எழுதுவோம். அப்படித்தான் ஒருமுறை ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டது. முதல் நாள் தாயும் பிள்ளையும் வாசலில் நின்றது இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்போது கூகிள் படிவம் வைத்திருக்கிறோம். பெற்றோர் நிரப்பியதும் விபரம் அட்டவணையில் ஏறும். 'என் எட்டு என்' என்ற மென்பொருள் அந்த அட்டவணையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்து, புதுப் பெயர் இருந்தால் ஆசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பும். 2019இல் பெர்லினில் தொடங்கப்பட்டது இது. திரையில் பெட்டிகளைக் கோடிழுத்துத் தொடுக்க வேண்டும். பள்ளிப் படிப்போடு நின்ற எங்களுக்கும் பிடிபட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனது வேறு கதை.

சாப்பியர் போன்ற சேவைகள் இதைவிட இலகு. ஆனால் விபரமெல்லாம் அந்த நிறுவனத்தின் கணினிகள் வழியாகப் போகும். இதையோ எங்கள் பழைய கணினியிலேயே நிறுவினோம். அப்படியிருந்தும் படிவத்தில் எழுதுவது கூகிளிடம் இருக்குமே! ஆகவே பிள்ளையின் பெயர், வயது, தொலைபேசி இலக்கம் மட்டுமே கேட்கிறோம். அகதி வழக்கு இலக்கம், வதிவிட அனுமதிப் பத்திரம் கேட்டு எங்கள் பெயரில் படிவம் வந்தால் அது எங்களுடையதல்ல, நிரப்பாதீர்கள்.

கணினி நின்றுவிட்டால் மின்னஞ்சலும் நிற்கும். அதனால் வெள்ளி தோறும் எங்களில் ஒருவர் அட்டவணையைக் கண்ணால் பார்க்கிறோம். கொப்பியும் மேசையில்தான் கிடக்கிறது. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தாராளமாகத் தொலைபேசி எடுங்கள். பிற்பகல் 2 மணிக்குப் பிறகென்றால் புண்ணியமாய்ப் போகும்.