சொட்டாத கசிவு

மோட்டார் ஓடுகிறது. மாடித் தொட்டியிலோ தண்ணீர் துப்பித் துப்பி விழுந்து, சிறிது நேரத்தில் நின்றேபோகிறது. குழாய் நெடுகத் தடவிப் பார்த்தாலும் ஈரம் இல்லை. “மோட்டார் காத்து வாங்குதுங்க” என்கிறார் பிளம்பர். இயற்பியலும் அதையேதான் சொல்கிறது.

கிணற்று மேட்டில் இருக்கும் மோனோபிளாக் பம்பு, கிணற்றுக்குள் இறங்கும் சக்‌ஷன் குழாயில் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. கிணற்று நீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுவது வளிமண்டலம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1638இல் வெளிவந்த கலீலியோவின் நூலில் பம்பு பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர் வருகிறார். பம்பில் குறையில்லை, நீர்மட்டம் இறங்கிவிட்டது, 18 முழத்துக்கு மேல் தண்ணீர் ஏறாது என்கிறார். காற்றின் எடையே காரணம் என்று டோரிசெல்லி 1644இல் விளக்கினார். கடல்மட்டத்தில் அந்த எடை தாங்கும் நீரின் உயரம் சுமார் 10.3 மீட்டர். குழாய் உராய்வு போன்ற இழப்புகள் போக, வீட்டுப் பம்பு 6, 7 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தாலே பெரிது.

ஓடும்போது சக்‌ஷன் குழாயின் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அங்கே விரிசல் இருந்தால் நீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே நுழையும். கோடையில் கிணறு வற்ற வற்ற உள்ளழுத்தம் இன்னும் குறையும். மழைக்காலத்தில் தெரியாத மயிரிழை விரிசல் மே மாதத்தில் பம்பையே நிறுத்திவிடுவது இதனால்தான். காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசானது; பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதை விசிறி உறிஞ்சுவிசை உண்டாக்க முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழிகள் உண்டு. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் ஊதுபத்தியைக் காட்டினால், ஓட்டை உள்ள இடத்தில் புகை குழாயை நோக்கி வளையும். ஷாஃப்ட் சீலையும் விடக்கூடாது. மோட்டாரை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகிறது: சக்‌ஷன் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வு நீரைப் பிடித்து நிறுத்தினால், மாடிவரை நிற்கும் தண்ணீரின் எடை சக்‌ஷன் குழாயை உள்ளிருந்து அழுத்தும். காற்று வாங்கிய அதே இணைப்பு இப்போது சொட்டும்.

காலையில், பம்பில் தண்ணீர் நிரப்பும் பிரைமிங் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே இல்லையா? பெரும்பாலும் ஃபுட் வால்வுதான் குற்றவாளி. மண்ணோ சருகோ சிக்கியிருக்கும். அல்லது வாஷர் தேய்ந்திருக்கும்.

குழாயின் அமைப்பையும் பார்க்க வேண்டும். சக்‌ஷன் குழாய் பம்பை நோக்கி ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும். மரை இணைப்பு என்றால் கழற்றி, டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்ற வேண்டும். பிவிசி என்றால் வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும்.

ஃபுட் வால்வைப் பார்க்க யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். ஆழ்கிணறுகளில் கரியமில வாயு தேங்கி ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். இறங்கியவரோடு, காப்பாற்றப் போனவரும் மாண்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குழாயோடு வால்வை மேலே தூக்கிக் கழற்றுவதே பாதுகாப்பு.